கிளியின் கழுத்தைத் திருகியவள்

எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். ஏழு கடலுக்கு அப்பால் ஒரு தீவு. தீவில் ஒரு மரம். மரப்பொந்தில் ஒரு கிளி. அந்தக் கிளிக்குள் ஓர் அரக்கனின் உயிர். அரக்கன் ஓர் இளவரசியைத் தூக்கிப்போய்ச் சிறை வைத்திருப்பான். அவளைத் தேடி இளவரசன் குதிரையில் வருவான். அவள் அரக்கனிடம் நைச்சியமாகப் பேசி, உயிர் எங்கே இருக்கிறது என்று கேட்டு இளவரசனுக்குச் சொல்வாள். அவன் கடல் தாண்டிப் போய்க் கிளியைக் கொல்வான். அரக்கன் விழுவான். அப்புறம் கல்யாணம்.

என் சித்தி சொன்ன கதையில் இளவரசன் கிடையாது.

சித்தி என் அம்மாவின் தங்கை. பாபநாசத்திலிருந்து உள்ளே, குடமுருட்டி ஆற்றை ஒட்டி எங்கள் ஊர். அம்மாவையும் சித்தியையும் ஒரே ஊரில், ஒரே தெருவில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். தெருவில் எல்லாரும் பண்ணையாட்கள். ஊர் நிலத்தில் பாதிக்கு மேல் ஒரே மனிதருடையது. அவரை நாங்கள் ஆண்டை என்றுதான் சொல்வோம். ஆட்சி மாறுகிறவரை கதர் கட்டிக்கொண்டிருந்தார். ஆட்சி மாறிய அடுத்த பொங்கலுக்குக் கறுப்பு சிவப்புக் கரைவேட்டியோடு கோவிலுக்கு வந்தார். கரைதான் மாறியது.

சித்தப்பா அறுப்புக் கூலியைக் கூட்டிக் கேட்டுச் சங்கத்தில் பேசுகிறவர். பெரிய குரல். ஆட்சி மாறுவதற்கு முன்னால் ஒரு சம்பா அறுப்புக்கு ஆண்டை வெளியூர் ஆட்களை வண்டியில் இறக்கினார். சித்தப்பா வண்டியை மறித்தார். அன்று மதியமே அவரைப் பிடித்துக்கொண்டுபோய் ஆண்டையின் களத்தில் தென்னையோடு கட்டி அடித்தார்கள். சாணியைக் கரைத்து வாயில் ஊற்றினார்கள். வீட்டுக்குத் தூக்கிவந்தபோது உயிர் இருந்தது. கொஞ்ச நாள் இரத்தமாகத் துப்பிக்கொண்டு கிடந்தார். அப்புறம் போய்விட்டார். குடித்துக் குடித்துக் குடல் வெந்து செத்தான் என்று போலீசில் எழுதிக்கொண்டார்கள். அவர் கள்ளைக்கூடத் தொட்டவர் இல்லை. எனக்கு அப்போது ஏழு வயதிருக்கும். அந்த வீட்டில் அடித்த வாடை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

கருமாதி முடிந்த கையோடு ஆண்டையின் காரியக்காரர் தெரு முனையில் வந்து நின்றார். பண்ணையில் ஆள்களை ஏவுவது, விரட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. எங்கள் தெருவுக்குள் வரமாட்டார்; முனையில் நின்றே கத்துவார்.

“கொட்டில்ல சாணி அள்ள ஆள் வேணும். ஆண்டை ஒன்னத்தான் வரச் சொல்றாரு.”

பணிந்துபோகிறாளா என்று பார்ப்பதற்காகத்தான் அந்த அழைப்பு என்று தெருவுக்கே தெரியும். சித்தி ஓடிப்போய் அவர் மேல் மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தார்கள். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, “நாளைக்கு வர்றேன்னு சொல்லுங்க” என்றாள்.

அப்பாவுக்கு வெறி வந்துவிட்டது. “புருசனக் கொன்னவன் வூட்டுச் சாணிய அள்ளித்தான் திங்கணுமா? இனிமே என் வாசப்படிய மிதிக்காத” என்று அவள் காலடியில் காறித் துப்பினார். சங்கத்து ஆட்களும் அவளோடு பேசுவதை விட்டார்கள். அம்மா மட்டும் வாய்க்கால் கரையில் அவளைப் பிடித்து நிறுத்தி, “ஏன்டி இப்புடி?” என்று அழுதாள். நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“அவன் மூஞ்சிய நான் தெனம் பாக்கணும்க்கா” என்றாள் சித்தி. “பாக்காம இருந்தா நாளாக நாளாக மறந்துபோயிடும். நான் மறக்கக் கூடாது.”

சித்தியின் குடிசை தெருவின் கடைசியில். அதற்குப் பிறகு மூங்கில் குத்து, அப்புறம் வயல். அப்பா தடுத்தும் நான் போவேன். பொழுது சாயும் நேரத்தில், அம்மாக்கள் நடவிலிருந்து வந்து உலை வைத்து, அது கொதிக்கிறவரை பிள்ளைகளைப் பிடித்துவைக்க ஏதாவது வேண்டும். சித்தியிடம் கதை இருந்தது. பெரியவர்கள் அவளை ஒதுக்கினார்களே தவிர, பிள்ளைகளைத் தடுத்துப் பார்த்துச் சலித்துவிட்டார்கள்.

“ஒரு அரக்கன். அவன் ஒரு பொண்ணத் தூக்கிட்டுப் போயிட்டான்” என்று ஆரம்பிப்பாள்.

“இளவரசி” என்பேன் நான்.

“இல்ல, சும்மா ஒரு பொண்ணு. தண்ணி எடுக்கப் போனவ.”

அந்தப் பெண் அரக்கனுக்குச் சோறு பொங்குவாள். தலை வாருவாள். பேன் பார்ப்பாள். அவன் சிரித்தால் கூடவே சிரிப்பாள். அவன் தின்று போட்ட எலும்பைப் பொறுக்கிக் குழியில் போட்டு மூடுவாள். அந்த எலும்புகளில் அவள் அண்ணன் தம்பிகளுடையதும் உண்டு. எது யாருடையது என்று அவளுக்கு அடையாளம் தெரியும். அதைக் காட்டிக்கொள்ள மாட்டாள். இப்படி வருஷக்கணக்காகப் போகும்.

“இளவரசன் எப்ப வருவான் சித்தி?”

“வரமாட்டான்.”

“ஏன்?”

“அவனுக்கு அவன் ஊருல சோலி இருக்கு. குதிரைக்குப் புல்லு வாங்கணும்.”

நாங்கள் சிரிப்போம். அவள் சிரிக்கமாட்டாள்.

“அப்ப கிளி எங்க இருக்குன்னு அவ எப்புடிக் கேப்பா?”

“கேக்கவே வேணாம்டி. மாட்டுக்கிட்டயும் பொம்பளகிட்டயும் இருக்கும்போது அவனுங்க வாய மூடமாட்டானுங்க. நமக்குக் காது இருக்குன்னே அவனுங்களுக்குத் தோணாது.”

பிறகு கிளி அவள் கைக்கு வரும். அந்த இடம்தான் எங்களுக்குப் பயம். அவள் உடனே கொல்லமாட்டாள். முதல் நாள் கிளியின் ஒரு காலை மட்டும் முறிப்பாள். எங்கேயோ வயல் வரப்பில் நடந்துகொண்டிருக்கும் அரக்கனின் கால் மடிந்துபோகும். ஏன் என்று அவனுக்குப் புரியாது. நொண்டிக்கொண்டு வீட்டுக்கு வருவான். அவளே எண்ணெய் காய்ச்சித் தடவுவாள். கிளிக்குப் பழம் கொடுத்துத் தூங்க வைப்பாள். மறுநாள் ஓர் இறக்கை. அரக்கனின் கை தொங்கும். அடுத்த நாள் இன்னொன்று.

“சட்டுனு கழுத்தத் திருகிடலாம்ல சித்தி?” என்று ஒரு தடவை அழுகையோடு கேட்டேன்.

“எதுக்குச் சட்டுனு?” என்றாள்.

பள்ளிக்கூடத்தில் வெள்ளிக்கிழமை மத்தியானம் மாணவர் மன்றம் நடக்கும். ஆறாவது படிக்கும்போது எழுந்து இந்தக் கதையைச் சொன்னேன். இறக்கை வரை சொல்லிவிட்டேன். ஆசிரியர் பிரம்பால் மேஜையைத் தட்டி, “உக்காரு. பொம்பளப் புள்ள வாயில வர்ற கதையா இது? இளவரசன் எங்க?” என்றார். நான் “வரமாட்டான் சார்” என்றேன். வகுப்பே சிரித்தது. கையில் பிரம்படி விழுந்தது. சித்தியிடம் போய்ச் சொன்னபோது உள்ளங்கையைப் பார்த்துவிட்டு, “அரக்கன் வாத்தியாருக்குச் சொந்தக்காரனா இருப்பான்” என்றாள்.

கொட்டிலில் என்ன நடந்தது என்பதைச் சித்தி பிள்ளைகளிடம் சொன்னதில்லை. வெகு காலம் கழித்து, நான் வேலைக்குப் போன பிறகு, ஒரு மழைநாளில் நெல் காயவைக்க முடியாமல் இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தபோது, அவளாகச் சொன்னாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆண்டை கொட்டிலுக்கு வருவாராம். மாடு பார்க்க வருவதாகப் பேர். முதல் தடவை அவள் கத்தினாள். வைக்கோல் இழுத்துக்கொண்டிருந்த ஆட்கள் தூரமாக நகர்ந்துபோனார்கள். ஒரே ஒருத்திதான் வந்தாள். ஆண்டையின் மனைவி. அந்த அம்மா உள்ளே வரவில்லை. கிணற்றடியில் நின்று பித்தளைக் குடத்தைக் கல்லில் மோதி மோதி அடித்தாளாம், ஊருக்கே கேட்கிற மாதிரி. ஆண்டை வேட்டியைச் சரிசெய்துகொண்டு வெளியே போய், அதே இடத்தில் அந்த அம்மாவை அறைந்தார். அதோடு அந்த அம்மாவுக்கு இடது காது போயிற்று. அதன் பிறகு அந்த அம்மா குடத்தை அடிக்கவில்லை. ஆண்டை வருவதும் நிற்கவில்லை.

“நீ ஏன் சித்தி நின்னுடலை? வேலைய விட்டுட்டு வந்திருக்கலாமே?”

“எங்க வர்றது? ஒங்கப்பா வாசலுக்கா?”

அந்தக் காலத்தில் ஒரு நாள் முகம் வீங்கி எங்கள் வாசலில் வந்து நின்றவளை அப்பா உள்ளே விடாமல் கதவைச் சாத்தியது எனக்குத் தெரியும். நான் அன்று வீட்டுக்குள்தான் இருந்தேன்.

நான் ஏழாவது படித்த வருஷம் நில உச்சவரம்பைக் குறைத்துச் சட்டம் வந்தது. ஒரு குடும்பம் இவ்வளவு நிலம்தான் வைத்துக்கொள்ளலாம்; மீதியைச் சர்க்கார் எடுத்து நிலமில்லாதவர்களுக்குக் கொடுக்கும் என்று மேடைக்கு மேடை பேசினார்கள். பேச்சு முடிவதற்குள் தஞ்சாவூர் ஜில்லா மிராசுதார்கள் எல்லாம் நிலத்தைப் பிரித்து எழுதிவிட்டார்கள். மச்சினன் பேரில், சம்பந்தி பேரில், கோவில் பேரில், செத்துப்போன அத்தை பேரில். எங்கள் ஆண்டைக்கு உறவுக்காரர்கள் மேல் நம்பிக்கை இல்லை. சொந்தத் தம்பியோடு வழக்காடிக்கொண்டிருந்தவர் அவர். பண்ணையாட்கள் என்றால் பயமில்லை. எதிர்த்துப் பேச நாக்கு ஏது அவர்களுக்கு? அப்படித்தான் மாட்டுக்காரன், வண்டிக்காரன், தோட்டக்காரன் பேரில் எல்லாம் பத்திரம் ஏறியது. ஆற்றங்கரையை ஒட்டிய நல்ல நஞ்சை என் சித்தி பேரில் ஏறியது.

பாபநாசத்துக்கு வண்டி கட்டி அழைத்துப்போனார்கள். பதிவு அலுவலகத்தில் கட்டைவிரலை மையில் தோய்த்து வைத்தாள். திரும்பும்போது ஓட்டல் வாசலில் வண்டியை நிறுத்திக் காப்பி வாங்கிக் கொடுத்தார்கள். மறுநாள் கொட்டிலில் ஆண்டை கேட்டார்.

“எல்லாம் பேருக்குத்தான். தெரியுமில்ல?”

“தெரியும் ஆண்டை.”

மற்ற மிராசுதார்கள் இந்த மாதிரி எழுதும்போது பின்னால் நிலத்தைத் திருப்பி எழுதிக்கொள்வதற்காக ஒரு வெற்றுத்தாளிலும் கைநாட்டு வாங்கி வைத்துக்கொள்வது வழக்கம். காரியக்காரர் அதை நினைவுபடுத்தினாராம். “என் கொட்டில்ல சாணி அள்ளுறவ, என்னைய மீறி எங்கய்யா போயிடுவா?” என்று ஆண்டை சிரித்தார். சித்தி பக்கத்தில் சாணிக்கூடையோடு நின்றிருந்தாள்.

அந்த வாரம் எங்களுக்குச் சொன்ன கதை மாறியிருந்தது. முன்பெல்லாம் அரக்கன் வெளியே போன நேரத்தில் அந்தப் பெண் தீவு முழுக்கத் தேடிக் கிளியைக் கண்டுபிடிப்பாள். இப்போது தேடவில்லை. “அவனே கூண்டக் கொண்டாந்து அவ கையில குடுத்து, தெனம் பழம் குடுடின்னுட்டான்” என்றாள்.

விசாரணைக்கு அதிகாரி வந்தது மாசியில். கோவில் மண்டபத்துக்கு வெளியே மேஜை போட்டு உட்கார்ந்தார். எங்கள் தெரு முழுக்க ஆலமரத்தடியில் நின்றோம். பேர் எழுதப்பட்ட ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, இந்த நிலம் உன்னுடையதா, நீதான் பயிர் செய்கிறாயா என்று கேட்டார். மாட்டுக்காரரும் வண்டிக்காரரும் நடுங்கிக்கொண்டே ஆமாம் என்றார்கள். சங்கத்து ஆட்கள் சித்தியிடம் முதல் நாளே ஆள் அனுப்பி, “அது ஆண்டை நெலம்னு உண்மையச் சொல்லு, சர்க்கார் எடுத்துக்கும்” என்று சொல்லியிருந்தார்கள்.

“இது உன் நிலமாம்மா?”

சித்தி நிமிர்ந்து, எல்லாருக்கும் கேட்கும்படி, “ஆமாங்க. என் நெலம்தான்” என்றாள்.

“நீயே பயிர் வைக்கிறியா?”

“நான்தாங்க வைக்கிறேன்.”

ஆண்டை பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தலையை ஆட்டினார். கூட்டத்தில் என் அப்பா தூவென்று துப்பினார். எனக்கும் அன்று அவள் மேல் வெறுப்புத்தான் வந்தது.

சித்திரையில் ஒரு நாள், புறக்கடையில் சித்திக்கு மிச்சச் சோற்றைப் போட வந்த ஆண்டையின் மனைவி, வலது காதைக் கதவுப் பக்கம் வைத்து, உள்ளே யாரும் வருகிறார்களா என்று கவனித்துக்கொண்டே பேசினாளாம்.

“நேத்து வக்கீல் வந்திருந்தாரு. எழுதிக்குடுத்த நெலத்த எவனாவது எனக்குத்தான்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு இவரு கேட்டாரு. ஒண்ணும் பண்ண முடியாதாம். கோர்ட்டுக்குப் போனா, பொய்யா எழுதிவச்சேன்னு இவரே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமாம். இருக்கறதும் போயிடுமாம்.”

சித்தி தட்டை ஏந்தியபடி நின்றாள்.

“நான் ஒண்ணும் சொல்லல” என்று அந்த அம்மா உள்ளே போய்விட்டாள்.

மேட்டூரைத் திறந்து, எங்கள் வாய்க்காலில் தண்ணீர் வந்ததும், ஊரில் குறுவை வேலை தொடங்கியது. சித்தி அன்று கொட்டிலுக்குப் போகவில்லை. பக்கத்து ஊரில் உழவு மாடு வைத்திருந்த ஒருவரை வாடகைக்கு அமர்த்தி, ஆற்றங்கரை நஞ்சையில் ஏரை இறக்கினாள். நாற்றும் அந்த ஊரிலிருந்தே வந்தது. நடவுக்கு எங்கள் தெருப் பெண்களைத்தான் கேட்டாள். பாதிப் பேர் பயந்தார்கள். என் அம்மா, அப்பாவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதலில் இறங்கினாள். அவளைப் பார்த்து மற்றவர்கள் வந்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு நானும் நாற்றுமுடி தூக்கிப் போட்டேன்.

வெயில் ஏறுவதற்குள் ஆண்டை வந்துவிட்டார். கூடவே காரியக்காரர், தடியோடு இரண்டு மூன்று பேர். வரப்பில் நின்று கத்தினார்.

“ஏய்! யாரக் கேட்டுடி எறங்குன?”

சித்தி சேற்றில் நின்றபடியே நிமிர்ந்தாள். “யாரக் கேக்கணும்? என் நெலம்.”

“யாரு நெலம்டி?”

“நீங்கதானே அதிகாரிகிட்ட அப்புடிச் சொல்லச் சொன்னீங்க? நான் சொன்னேன். நீங்களும் பக்கத்துல ஒக்காந்து தலைய ஆட்டுனீங்க. ஊரே பாத்துச்சு.”

அவர் முகத்தில் முதலில் கோபம்தான் இருந்தது. பிறகு அவள் என்ன செய்திருக்கிறாள் என்பது மெல்ல உறைத்தது. திரும்பிக் காரியக்காரரைப் பார்த்தார். காரியக்காரர் தரையைப் பார்த்தார்.

“ஒன்னக் கோர்ட்டுக்கு இழுப்பேன்டி.”

“போங்க ஆண்டை. போயி, அது என் நெலம், சர்க்காருக்குப் பொய் சொன்னேன்னு எழுதிக் குடுங்க. நானும் வந்து ஆமான்னு கைநாட்டு வைக்கிறேன்.”

நடவு வரிசையில் யாரோ ஒருத்தி குலவையிட்டாள். அப்புறம் எல்லாரும். அவர் வரப்பில் திரும்பி நடந்தபோது கால் வழுக்கியது. யாரும் பிடிக்கவில்லை. இதை எழுதும்போதுகூட எனக்கு நெஞ்சு நிறைகிறது. அதை நான் மறைக்கப்போவதில்லை.

அவர் சும்மா விடவில்லை. முதலில் மதகை அடைத்துத் தண்ணீரை நிறுத்தினார். வாய்க்காலைப் பார்க்கும் லஸ்கர் ஆண்டையின் கையாள். பெண்கள் போய் மதகடியில் உட்கார்ந்துகொண்டார்கள். அடுத்த ஊர்க்காரர்களுக்கும் தண்ணீர் தடைப்பட்டதால் அவர்களும் சேர்ந்துகொள்ள, லஸ்கர் திறந்துவிட்டுப் போனார். பிறகு பயிரில் மாட்டை விட்டு மேயவிட்டார்கள். சித்தி மறுபடி நட்டாள். கடைசியில், பயிர் கதிர் தள்ளுவதற்கு முன் பொதியாக இருந்த சமயம், தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவளை ஆட்கள் வந்து அடித்தார்கள். தோள்பட்டை எலும்பு முறிந்தது. தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு, கையைக் கழுத்தோடு கட்டிக்கொண்டு வந்து, நேராக வரப்பில் உட்கார்ந்தாள். அங்கிருந்தே தண்ணீர் பாய்ச்சச் சொல்லி அதட்டினாள்.

ஆண்டை தன் கரைவேட்டி நண்பர்களிடம் போனார். தேர்தல் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. எங்கள் தெருவில் ஓட்டு நிறைய. “கொஞ்ச நாள் பொறுத்துக்குங்கண்ணே” என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். அதற்குள் மாட்டுக்காரருக்குத் தைரியம் வந்துவிட்டது. அவர் மனைவி அவரை வீட்டில் இருக்கவிடவில்லை என்பதுதான் உண்மை. குறுவைக்கு அடுத்த போகமான தாளடிக்கு அவரும் “என் நெலம்” என்று இறங்கினார். அப்புறம் வண்டிக்காரர். அப்புறம் தோட்டக்காரர். ஆண்டை பொய்யாக எழுதிய ஒவ்வொரு துண்டும் அவர் கண் முன்னாலேயே மெய்யாகிக்கொண்டு போனது.

இப்போது சங்கத் தலைவர் சித்தியைப் பார்க்க வந்தார். நிலத்தைச் சங்கத்திடம் ஒப்படைத்தால் முறையாகப் பிரிக்கலாம், போராட்டத்துக்கு வழிகாட்ட ஆள் வேண்டும் என்றெல்லாம் பேசினார். சித்தி முழுக்கக் கேட்டுவிட்டு, “அறுப்புக்கு ஆள் பத்தலைங்க. அருவா கொண்டாந்திருக்கீங்களா?” என்றாள்.

அப்பாவும் வந்தார். ஒரு பொம்பளையால் இவ்வளவு நிலத்தைக் கட்டிக் காக்க முடியாது, பேர் அவள் பேரிலேயே இருக்கட்டும், பயிரைத் தான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அன்று அவள் காலடியில் துப்பியதற்குப் பிறகு அவள் வாசலுக்கு அவர் போனது அதுதான் முதல் தடவை.

“கூலிக்கு வாங்க மாமா” என்றாள் சித்தி. “எல்லாருக்கும் குடுக்கறதத்தான் ஒங்களுக்கும் குடுப்பேன்.”

அப்பா எழுந்து வந்துவிட்டார். ஆனால் அந்த வருஷம் வேறெங்கும் வேலை இல்லை. அறுப்புக்குப் போனார். பெண்கள் வரிசையின் கடைசியில் குனிந்து நின்றவரைப் பார்த்துச் சித்தி, “ஒட்ட அறுங்க மாமா, தாள் வீணாவுது” என்று சொன்னது வயல் முழுக்கக் கேட்டது. அம்மா சிரிப்பை அடக்க அரிவாளைக் கீழே வைத்துவிட்டாள்.

மூன்று நான்கு போகம் தாண்டுவதற்குள் ஆண்டை பாதியாகிவிட்டார். மிஞ்சிய நிலத்தில் வேலை செய்ய ஆள் வரவில்லை. தம்பியோடு இருந்த வழக்கிலும் தோற்றார். நான் பள்ளிப் படிப்பை முடித்த வருஷம், ஒரு நாள் காலையில் பல் விளக்கிக்கொண்டே கிணற்றடியில் சாய்ந்தார். பக்கவாதம். வலப்பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. கண்ணும் காதும் நன்றாக இருந்தன. பிள்ளை கிடையாது. காரியக்காரர் வேறு பண்ணைக்குப் போய்விட்டார். மலம் மூத்திரம் அள்ள எந்த உறவும் வரவில்லை.

ஆண்டையின் மனைவி சித்திக்குச் சொல்லி அனுப்பினாள். சித்தி போனாள். இந்தத் தடவை முன்வாசல் வழியாக. எங்கள் தெருவிலிருந்து அந்த வாசலில் நுழைந்த முதல் ஆள் அவள்தான். தெருவில் சிலர், அவளுக்கு மனசு இளகிவிட்டது, என்ன இருந்தாலும் பெண் பிறவி என்று பேசினார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நான் அப்போது தஞ்சாவூரில் அரசு விடுதியில் தங்கி ஆசிரியர் பயிற்சி படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு வந்தபோது, அம்மா சித்திக்குக் கொடுத்துவிட்ட மீன் குழம்பை எடுத்துக்கொண்டு ஒரு மத்தியானம் அந்த வீட்டுக்குப் போனேன்.

கூடத்தில் கட்டிலில் ஆண்டை கிடந்தார். துணி வெளுத்து, உடம்பு துடைத்து, சுத்தமாக வைத்திருந்தாள். சித்தி கீழே உட்கார்ந்து அவருடைய செத்த காலை எண்ணெய் போட்டு நீவிவிட்டுக்கொண்டே, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“அப்பறம் என்ன பண்ணா அவ? கிளிய மடியில வச்சுக்கிட்டா. பழம் குடுத்தா. தலையத் தடவிக் குடுத்தா. அது கண்ண மூடுற நேரமாப் பாத்து, எறக்கையப் புடிச்சா. புடிச்சு, மெதுவா, மெதுவாத் திருப்புனா…”

ஆண்டையின் ஒரு கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. தொண்டையில் ஏதோ சத்தம். நல்ல கையால் கட்டில் சட்டத்தைப் பற்றியிருந்தார். அப்போதுதான் ஊஞ்சலில் ஆண்டையின் மனைவி உட்கார்ந்திருப்பதைக் கவனித்தேன். கேட்கும் காதை அந்தப் பக்கம் திருப்பி, காலை ஊன்றி, ஊஞ்சல் சத்தமிடாதபடி நிறுத்திவைத்திருந்தாள்.

“காலை விட்டுட்டியே” என்றாள் அந்த அம்மா. “நேத்து காலும் சொன்னே.”

“ஆமாங்கம்மா, மறந்துட்டேன்” என்றாள் சித்தி. “மொதல்லேருந்து சொல்றேன்.”

நான் குழம்பை வைத்துவிட்டு நின்றேன். ஓடிவரவில்லை. எனக்கு இரக்கம் வந்ததா என்று அன்றே என்னை நானே கேட்டுக்கொண்டேன். வரவில்லை. தென்னையில் கட்டப்பட்டிருந்த சித்தப்பாவுக்கு அந்த மத்தியானம் யாரும் எண்ணெய் தடவவில்லை. சித்தி என்னைப் பார்த்து, உட்கார் என்று கண்ணைக் காட்டினாள். உட்கார்ந்து கடைசிவரை கேட்டேன். கழுத்துக்குப் போகவில்லை அவள். அதற்கு முன்னால் நிறுத்திவிட்டு, “மிச்சம் நாளைக்கு” என்று எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

இரண்டு வருஷத்துக்கு மேல் கிடந்தார். ஒரு நாள்கூடச் சித்தி சோறு ஊட்டாமல் இருந்ததில்லை, கதை சொல்லாமலும் இருந்ததில்லை என்று கேள்வி. வைத்தியர் வந்து பார்த்து, இவ்வளவு நன்றாகக் கவனித்துக்கொண்டதால்தான் உயிர் இழுத்துக்கொண்டிருக்கிறது என்று புகழ்ந்துவிட்டுப் போனாராம். அவர் செத்த அன்று சித்தி குளித்துவிட்டுத் தன் வயலுக்குப் போய்விட்டாள். சாவுக்குப் போகவில்லை.

காரியமெல்லாம் முடிந்து, வீட்டை விற்றுவிட்டு, ஆண்டையின் மனைவி வேதாரண்யம் பக்கம் இருந்த தன் அண்ணன் மகன் வீட்டுக்குக் கிளம்பினாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு சித்தியும் நானும் பஸ் ஏற்றிவிடப் போனோம். கும்பகோணம் போகிற பஸ் வரத் தாமதமாயிற்று. புளியமரத்தடியில் மூவரும் நின்றோம். அந்த அம்மா சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

“ஒன் புருசனக் களத்துல கட்டி வச்சப்ப, நான் மாடியில நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.”

“தெரியும்மா” என்றாள் சித்தி. “சாணி கரைச்ச வாளி ஒங்க வூட்டு வாளி.”

அந்த அம்மா சாலையிலிருந்து திரும்பிச் சித்தியைப் பார்த்தாள். “நான்தான் எடுத்துக் குடுத்தேன். அவரு கேட்டாரு, குடுத்தேன். எதுக்குன்னு தெரியாது எனக்கு. தெரிஞ்சப்புறமும் கீழ எறங்கி வரல.” பிறகு, “என்னைய மன்னிச்சிட்டியா?” என்று கேட்டாள்.

சித்தி யோசித்தாள். அவள் யோசித்தது எனக்குத் தெரிந்தது, சும்மா சொல்லிவிடவில்லை.

“இல்லீங்கம்மா.”

அந்த அம்மா தலையை ஆட்டினாள். “சரி” என்றாள்.

பஸ் வந்தது. சித்தி பெட்டியை ஏற்றி, கம்பியைப் பிடிக்க முடியாமல் தடுமாறிய அந்த அம்மாவின் கையைப் பிடித்து மேலே ஏற்றிவிட்டாள். ஜன்னல் பக்கம் இடம் கிடைத்ததா என்று எட்டிப் பார்த்தாள். பஸ் கிளம்பித் தூசி அடங்கியதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “வா, நாத்துப் பறிக்க ஆள் வந்து நிக்கும்” என்று முன்னால் நடந்தாள். வேகமாக நடப்பாள் சித்தி. நான் ஓடித்தான் பிடிக்கவேண்டியிருந்தது.